யன்னலோடு சாத்தியவன்

மருதமுனை
06.03.1982

அன்பு மச்சி நஸீறாவுக்கு,

உன் கடிதத்தில் என் கண் முதலில் நின்றது 'சாத்தி' என்ற சொல்லில்தான். அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஸலாம் சொல்ல மறந்தே எழுதத் தொடங்கிவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி திருப்பி எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து. உன் கூடப்பிறந்த மஜீட் காக்கா சவூதியிலிருந்து கொண்டு வந்த றேடியோ உங்கள் உள்ளறையில், யன்னல் பக்கத்து மேசையில் இருந்தது. திங்கட்கிழமை மஃரிபுக்கு விளக்கு வைக்கப் போன மாமி அதைக் காணவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்புதான் நீ நெல் மிதிக்கிற களவெட்டியின் வேலியோரம் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு நின்றாய். வேலிக்கு அந்தப் பக்கம், சூடு மிதிக்க வந்த ஆட்களின் தலைவர் அபுல் ஹஸன் கதைப்பது கேட்டது. யாரோ "வேலைக்காரன் எங்க?" என்று கேட்க, அவர் "உள்ளறையில. யன்னலோட சாத்திக் கிடக்கான்" என்றார். உங்கள் வீட்டில் வேலைக்காரன் என்றால் காலிதீன் ஒருவன்தான். ஆகவே எடுத்தது அவன்தான் என்று நீ முடிவு கட்டிவிட்டாய்.

மச்சி, ஒருவன் யன்னலைச் சாத்துவான். இல்லையென்றால் யன்னலில் சாய்ந்து நிற்பான். 'யன்னலோட சாத்தி' எப்படிக் கிடப்பான்? நாம் சாத்தி வைப்பது ஏணியை, பாயை, விளக்குமாற்றை. மனிசனைச் சாத்தி வைத்து நான் கண்டதில்லை.

அபுல் ஹஸனிடமே கேட்டுப் பார். அதுவரை மாமாவிடம் ஒன்றும் சொல்லாதே.

'பெரியவர் கள்ளனைப் பிடித்துவிட்டார், கூட்டாளி கதையை எழுதத் தொடங்கலாம்' என்று முடித்திருக்கிறாய். தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசிகசாலைப் புத்தகங்களை வாசித்த நாளிலிருந்தே நீதான் பெரியவர், நான்தான் கூட்டாளி. நாம் வாசித்த புத்தகங்களில் துப்பறிகிறவர் எல்லோரையும் மடக்கி மடக்கிக் கதைப்பார். கூடப் போகிறவர் குடையைத் தூக்கிக்கொண்டு, 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள்' என்று கேட்பார். குடை இன்னமும் என் கையில்தான் இருக்கிறது. அந்த ஒரு சொல்தான் விடமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
ஸுலைஹா


இறக்காமம்
09.03.1982

கூட்டாளிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது. பெரியவர் யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை என்பது உனக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் இப்றாஹிம் ஹாஜியார் வீட்டுக்கு வந்திருந்தார். வாப்பா என்னைக் கூப்பிட்டு, "கேட்டதச் சொல்லு புள்ள" என்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடு மண்டபத்துக்குப் போய் நின்றேன். 'காலிதீன் உள்ளறையில் யன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தான் என்று அபுல் ஹஸன் சொன்னதை என் காதால் கேட்டேன்' என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பாய்.

காலிதீனும் வாசலில்தான் நின்றான். "நான் அறைக்குள்ள போகல்ல போடியார், அல்லாஹ் அறிவான்" என்று வாப்பாவைப் பார்த்துச் சொன்னான். மரைக்கார், "அல்லாஹ் அறிவான், அது சரி. நாங்களும் கொஞ்சம் அறியோணுமே" என்றார். வருகிற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி, பத்தொன்பதாம் திகதி, ஜும்ஆ முடிந்ததும் பள்ளியில் கூடித் தீர்ப்புச் சொல்வார்களாம். ஊரை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் கதைக்கிறார்கள். அவனுக்கும் எங்கள் பக்கத்து வளவு சபூறாவுக்கும் அடுத்த மாதம் நிக்காஹ் நடக்க இருந்தது. அவளுடைய வாப்பா அதை நிறுத்திவிட்டார். அவள் முற்றம் கூட்டும்போது நான் கண்ணில் பட்டால் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போகிறாள். நான் என்ன செய்ய? களவெடுக்கச் சொல்லிக் கொடுத்தேனா?

அபுல் ஹஸனிடம் கேட்க வழியில்லை. எங்கள் களம் முடிந்ததும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பொத்துவில் பக்கம் போய்விட்டார். எந்த வயல் வட்டையில் நிற்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

மனிசனைச் சாத்தி வைக்க முடியாது என்று உனக்கு யார் சொன்னது? காரைதீவிலிருந்து வருகிற எங்கள் கணக்கு வாத்தியார் கனகரெத்தினம் சேர் மத்தியானப் பாடத்தில் கரும்பலகையோடு சாத்தித்தான் கிடக்கிறார்.

இரண்டு பேரும் கெட்டிக்காரர் என்றால் எந்தத் துப்பறியும் கதையும் ஓடாது. நீ கேள்வி கேள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தீர்ப்பை என்னிடம் விடு.

நஸீறா


மருதமுனை
12.03.1982

அன்பு மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முதல் கடிதத்தில் 'வேலைக்காரன்' என்று இருந்தது. இரண்டாவதில் 'காலிதீன்' என்று இருக்கிறது. முதலாவதில் 'யன்னலோட'. இரண்டாவதில் 'யன்னலை'. அபுல் ஹஸன் ஒரு தரம்தான் கதைத்தார். நீ இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறாய்.

கோபிக்காதே. நீ பொய் சொன்னாய் என்று நான் எழுதவில்லை. கேட்டதைச் சொல்லும்போது, விளங்கிக்கொண்டதைச் சொல்லிவிட்டாய்.

இனி நான் செய்ததைக் கேள். நீ நம்பமாட்டாய். நேற்று, எங்கள் அடுத்த வீட்டுக் கச்சிமுகம்மது சாச்சா வாப்பா நெய்து வைத்த சாரன் எடுக்க வந்தார். அறுவடை தொடங்கினால் களவெட்டி களவெட்டியாகப் போய், சாரனைக் கொடுத்து நெல் வாங்கி வருகிறவர் அவர். ஆம்பிளை யாரும் வந்தால் நான் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். நேற்றும் போனேன். வாப்பா நூல் எடுத்துவர உள்ளே போன நேரம், திரைக்குப் பின்னால் நின்று "சாச்சா" என்றேன். சத்தம் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன்.

"ஆரு, ஸுலைஹாவா? உனக்கு வாய் இரிக்கா புள்ள? இத்தன காலமும் ஊமையெண்டெல்லோ நெனச்சன்."

"சாச்சா, களவெட்டியில வேலைக்காரன் எண்டா ஆரு?"

"ஆருமில்ல மகள். அது கம்பு."

"கம்பா?"

"ஓம். நுனி வளஞ்ச நீட்டுக் கம்பு. சூடு மிதிக்கக்குள்ள வைக்கோலக் கிளறித் தூக்குற. களத்துக்குள்ள எல்லாத்துக்கும் வேற பேர்தான். நெல்லெண்டு வாயெடுக்கப்படாது, பொலியெண்டுதான் சொல்ற. நான் முதமுதல் போன வரிசம், 'நெல்லுக்குச் சாரன், நெல்லுக்குச் சாரன்' எண்டு கூவித்துப் போய் அடி வாங்கப் பாத்தன்."

"அந்தக் கம்ப வீட்டுக்குள்ளயும் வெப்பாங்களா சாச்சா?"

"நல்ல வேலைக்காரன் கிடைக்கிற லேசா? வெளியில விட்டா அடுத்த களத்தான் தூக்கித்துப் போயிருவான். உள்ளுக்குக் கொண்டுபோய்ச் சாத்தி வெச்சாத்தான் மறுவரிசத்துக்கும் இரிப்பான்." பிறகு சிரித்தார். "என்ன மகள், இந்த விசாரண? மாப்புள பாக்கிறயா, வேலைக்காரன் பாக்கிறயா?"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. திரை இருந்தபடியால் தப்பினேன்.

இப்போது அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிப் பார். 'வேலைக்காரன் எங்க?' 'உள்ளறையில. யன்னலோட சாத்திக் கிடக்கான்.' ஒரு பிசகும் இல்லை. களவெட்டிக்குள் பொம்பிளைகள் கால் வைக்கக்கூடாது என்று மாமாவே சொல்லியிருக்கிறார். நீங்கள் அங்கே குடிபோயே இரண்டு வருடம்தான். அந்தச் சொற்கள் உன்னிடம் எப்படி வந்து சேரும்? நீ 'வேலைக்காரன்' என்று மட்டும் சொல்லியிருந்தால் மாமா அந்த இடத்திலேயே சிரித்திருப்பார். பெயரை நீ போட்டுவிட்டாய்.

மாமாவிடம் போய், கேட்ட சொல்லை மட்டும் சொல். உள்ளறையில் யன்னல் பக்கம் ஒரு தரம் பார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஸுலைஹா


இறக்காமம்
15.03.1982

ஸுலைஹாவுக்கு,

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எனக்குச் சொல் விளக்கம் எழுதுகிறாள். ஒரு சாரன் வியாபாரி திரைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னானாம், இவள் நம்பிவிட்டாளாம்.

சரி, கம்பு என்றே வைத்துக்கொள்வோம். றேடியோ எங்கே? கம்பு எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டுக் கேட்கிறதா? அதைச் சொல்லாமல் என்னைப் பிழை பிடிக்க வந்துவிட்டாய். நாம் வாசித்த எந்தப் புத்தகத்திலாவது கூட்டாளி பெரியவரைப் பிழை பிடித்திருக்கிறாரா? கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் இருத்தி வைத்து, 'கள்ளன் இவன்தான்' என்று கை நீட்டுகிறவர் யார்? நீ கை நீட்டுவாயா? உன்னால் ஒரு சாரன் வியாபாரியிடமே திரையில்லாமல் கதைக்க முடியவில்லை.

நான் போய், வாப்பா, பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றால் என்ன நடக்கும் தெரியுமா? மரைக்காருக்கு முன்னால் அவருடைய முகம் போகும். 'வேலியில் ஒட்டுக் கேட்கிற குமருக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு' என்று நிறுத்திவிடுவார். டிசம்பரில் எனக்கு ஓ.எல். சோதினை. நானும் உன்னைப் போல் ஒரு தறிக்குழிக்குள் இறங்கி இருக்கவேண்டும், அதுதானே உன் ஆசை?

நான் சொன்னது சொன்னதுதான். இதைப் பற்றி இனி எழுதாதே.

நஸீறா


இறக்காமம்
16.03.1982

ஸுலைஹா,

இதை வாசித்ததும் கிழித்துவிடு.

உள்ளறைக்குப் போனேன். யன்னல் சீலையை விலக்கினேன். அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவில் நுனி வளைந்த ஒரு நீளக் கம்பு சாத்திக் கிடக்கிறது. அந்த அறையில்தான் நான் தினமும் தலை சீவுகிறேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

மத்தியானம் வாப்பா சோறு தின்னும்போது முன்னால் போய் நின்றேன். "என்ன புள்ள?" என்றார். வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுமா வாப்பா?" என்று கேட்டேன். செம்பு நிறையத் தண்ணீர் அவர் பக்கத்திலேயே இருந்தது.

பின்னேரமும் போனேன். அப்போதும் வரவில்லை. மற்றவர்களைப் பற்றி என்றால் எனக்கு எவ்வளவும் கதைக்க வரும். நீ சிரிப்பாய்.

காலிதீன் சம்மாந்துறையில் தன் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் இருக்கிறானாம். வெள்ளிக்கிழமை அவனைக் கூட்டி வருவார்கள். இன்றைக்குச் சபூறா முற்றம் கூட்டவே வரவில்லை.

நஸீறா


மருதமுனை
18.03.1982

அன்பு மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சிரிக்கவில்லை. கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை.

முந்தின கடிதத்துக்கு முதலில் பதில் எழுதுகிறேன். ஓம், நான் எட்டாம் வகுப்போடு விட்டவள்தான். விடும்போது படித்த எழுத்தை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. உம்மா 'இனிப் போதும்' என்று சொன்ன அன்று நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, தலையை ஆட்டினேன். எனக்காகவும் யாரும் கதைக்கவில்லை. உன்னை மாமா நிறுத்தப் பார்த்தால் நான் கதைப்பேன். 'நஸீறா படிக்கவேண்டும் மாமா' என்று சொல்ல எத்தனை சொல் தேவை? நேற்றிரவு சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

றேடியோ எங்கே என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் கள்ளனைக் காட்டினால்தான் கதை முடியும் என்று நீ சொல்வாய். கள்ளன் யாரென்று தெரியாமலே ஒருவனைக் கள்ளன் இல்லை என்று சொல்லலாம், நஸீறா. நாம் வாசித்த புத்தகங்களில் அப்படி ஒன்று இல்லையென்றால் அது புத்தகங்களின் குறை.

இன்னுமொன்று. அந்தப் புத்தகங்களையெல்லாம் எழுதினது யார் என்று யோசித்துப் பார்த்தாயா? குடை தூக்கிக்கொண்டு போகிறவர்தான். அவர் பார்த்ததைத்தான் நாம் வாசித்தோம். பெரியவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். இந்தக் கதையை நீ எழுதச் சொன்னபடி நான் எழுதமாட்டேன்.

இன்று காலை வாப்பா தறியில் இருக்கும்போது முன்னால் போய் நின்றேன். நாளைக்கு இறக்காமம் போகவேண்டும் என்றேன். நூல் நாடாவை எறிந்த கை அப்படியே நின்றது.

"ஆரோட?"

"கச்சிமுகம்மது சாச்சா சாரன் கொண்டு போறார். சுல்பிகா சாச்சியும் போறா. அவங்களோட."

"என்ன அலுவல்?"

"மாமாவோட கதைக்கோணும்."

"ஆரு, நீயா?"

"ஓம் வாப்பா. நான்தான்."

வாப்பா அறுந்த ஒரு நூலை முடிந்தார். பிறகு, "உம்மாவுக்கிட்ட நான் சொல்றன். நீ கதைக்கிற பெலத்தையெல்லாம் மாமாவுக்கு மிச்சம் வை" என்று சொல்லிவிட்டு நாடாவை எறிந்தார்.

இதைத் தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. கையில் கொண்டு வருகிறேன்.

வெள்ளி காலை, பஸ்ஸில்.

எழுத்து ஆடும், பொறுத்துக்கொள். கல்முனையில் இறங்கி மாறினோம். சம்மாந்துறை கழிந்துவிட்டது. இரண்டு பக்கமும் அறுத்த வயல். சுல்பிகா சாச்சி யன்னல் பக்கம் என்னை இருத்திவிட்டு, சாரன் மூட்டையில் தலை வைத்து நித்திரை கொள்கிறார். சாச்சாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இந்த முறை திரை இல்லாமல்.

"நான் சொல்லட்டா மகள்? ஆம்புள சொன்னா லேசில கேப்பாங்க" என்றார்.

"வேணாம் சாச்சா. நீங்க சொன்னா அது நீங்க கேள்விப்பட்ட கதை. கடிதம் எனக்கு வந்தது."

"அம்மாடி" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டார்.

உள்ளே வந்து உன்னைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகக் குசினிக்குள் குசுகுசுத்து, மாமிக்குச் சொல்லி, மாமி மாமாவுக்குச் சொல்லி, அதற்குள் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிடும். ஆகவே அப்படிச் செய்யப் போவதில்லை. கம்பை அந்த இடத்திலேயே விட்டு வை. மாமா வந்து பார்க்கட்டும்.

உன் வீட்டு வேலியோரம்.

வந்துவிட்டோம். முருங்கை மரத்தடியில் நின்று, சாரன் மூட்டையில் தாளை வைத்து எழுதுகிறேன். நீ கீரை ஒடித்துக்கொண்டு கேட்ட இடம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் மாமா நிற்கிறார். பொலி மூடைகளை வண்டியில் ஏற்றுகிறார்கள். அவரோடு வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் நிற்கிறார், மரைக்காராக இருக்கலாம். நல்லது, இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை.

சுல்பிகா சாச்சி இதை உன்னிடம் கொண்டு வந்து தருவார். நீ ஒன்றும் விளக்கம் சொல்லவேண்டாம். வந்து என் பக்கத்தில் நில். அபுல் ஹஸன் சொன்ன வாக்கியத்தை நான் சொல்லுவேன், சொல் மாறாமல். மாமா உன்னைப் பார்த்து இதுதானா நீ கேட்டது என்பார். அப்போது நீ ஓம் என்று சொல்லவேண்டும். இந்த ஒரு தரம் நீ கூட்டாளியாக இரு. நீ வராவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

வேலி நெஞ்சளவுதான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவர்களுக்கு என் முகம் தெரிகிற இடத்துக்கு வந்து நின்று, இதைச் சாச்சியிடம் கொடுக்கும் முன்பே மாமாவைக் கூப்பிட்டுவிட்டேன்.